ரிக்குக்கும் லீனியருக்கும் நடுவே ஒரு ஒயர்: நேரடியா, ரிலேயா, மாஸ்ஃபெட்டா?

ஹாம் ரேடியோவில் ரிக் என்றால் பேசவும் கேட்கவும் வைத்திருக்கும் ரேடியோ பெட்டி, லீனியர் அதன் பவரைக் கூட்டித் தரும் பெட்டி. லீனியர் ஆம்ப்ளிஃபையர் வாங்குகிறவர்கள் வால்வு எது, எத்தனை வாட் வரும், டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு கனம் என்று மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். ரிக்கின் பின்பக்கத்திலிருந்து லீனியருக்குப் போகும் கீயிங் ஒயரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பெட்டி வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி, பழைய டேப் ரிக்கார்டர் ஒயர் ஒன்றை எடுத்துச் சொருகிவிடுவார்கள். அதில்தான் தொல்லை ஆரம்பிக்கும்.

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போனில் கேட்டது அப்படியே: “அண்ணே, லீனியர் கட்டியாச்சு. மைக்கை அமுக்குனா பவர் ஏறல்ல. வயர் கேடாக்கும் எண்ணு நினைக்கேன்.” ஒயர் கெட்டிருக்கலாம். ரிக்கின் மெனுவாகவும் இருக்கலாம், லீனியரின் ரிலேயாகவும் இருக்கலாம். எது என்று தெரிவதற்கு முன்னால் புது ஒயர், புது பெட்டி, புது ரிலே என்று தேடி அலைவது வீண். அதனால் எந்த இணைப்பு நல்லது என்ற ஒப்பீட்டுக்கு முன்னால், கையில் இருக்கும் லீனியரை அளந்துவிடுவோம். தேர்வில் பாதி அந்த அளவிலேயே முடிந்துவிடும்.

முதலில் அளவு

இந்த ஒயர் செய்யும் வேலை ஒன்றுதான். ரிக் டிரான்ஸ்மிட்டுக்குப் போகும்போது நடுக்கம்பியை எர்த்தோடு சேர்த்துவிடும். லீனியருக்குள் இருக்கும் ஆன்டெனா ரிலே அப்போது இழுக்கும். மைக்கை விட்டதும் தொடர்பு அறுந்து, லீனியர் பைபாஸுக்கு, அதாவது பவரைக் கூட்டாமல் அப்படியே கடத்திவிடும் நிலைக்குத் திரும்பும்.

ஒரு ஆர்சிஏ பிளக்கில் சின்ன சுவிட்ச் ஒன்றைச் சால்டர் செய்து வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சைப் போட்டால் நடுப்பின்னும் வெளி வளையமும் சேரவேண்டும், அவ்வளவுதான். கீயிங் ஒயரை ரிக்கிலிருந்தும் லீனியரிலிருந்தும் கழற்றிவிட்டு, இந்தப் பிளக்கை லீனியரின் கீயிங் ஜாக்கில் சொருகி, லீனியரை ஆபரேட்டில் வைத்து சுவிட்சைப் போடுங்கள். ரிக்கிலிருந்து ஒரு வாட் கூடப் போகக்கூடாது. ‘டக்’ என்று ரிலே சத்தம் கேட்டு டிரான்ஸ்மிட் விளக்கு எரிந்தால் லீனியரின் கீயிங் பக்கம் சரி, தப்பு ஒயரிலோ ரிக்கிலோ இருக்கிறது. சத்தமே வராவிட்டால் லீனியருக்குள்தான் பிரச்சினை, ரிக்கைக் குறை சொல்ல வேண்டாம். ரிக்கில் சொருகியிருக்கும் ஒயரின் மறுமுனையை எர்த் செய்து பார்க்கலாமே என்று சிலர் நினைப்பார்கள். ஐகாம் ரிக்குகளில் கீயிங் ஒயர் சொருகும் சென்ட் பின் இருவழிப் பின். அதை எர்த் செய்தால் ரிக்கே டிரான்ஸ்மிட்டுக்குப் போய்விடும். கழற்றிவிட்டுச் சோதிக்கச் சொல்வது அதற்காகத்தான்.

அப்புறம் மல்டிமீட்டர். ஜாக்கின் நடுவில் சிவப்பு, வெளியில் கறுப்பு வைத்து டிசி வோல்ட் பாருங்கள். அமெரிட்ரான் ஏஎல்-811 போன்றவற்றில் 12 வோல்ட் அளவுதான் இருக்கும். ஹீத்கிட் எஸ்பி-220-இல் 110 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். அதைவிடச் சின்ன எஸ்பி-200-இலும் ஏறக்குறைய அதே அளவுதான், ஆனால் மைனஸ். மீட்டரில் மைனஸ் குறி வந்தால் அதைத் தனியாக எழுதி வையுங்கள், பின்னால் பெரிய முடிவு அதில்தான் தொங்குகிறது. டிசி ரேஞ்சில் ஒன்றும் காட்டாமல் ஏசி ரேஞ்சில் வோல்ட் காட்டினால், உங்களுடையது ஏசி காயில் ரிலே வைத்து வீட்டிலேயே கட்டிய ஹோம்ப்ரூ பெட்டி.

அடுத்து மீட்டரை மில்லி ஆம்பியர் ரேஞ்சுக்கு மாற்றி அதே இரண்டு முனைகளில் வையுங்கள். மீட்டரே சுவிட்ச் ஆகி, லீனியர் கீ ஆகும், அதாவது டிரான்ஸ்மிட்டுக்கு மாறும். காட்டுகிற எண்தான் ரிக் இழுக்க வேண்டிய கரண்ட். எஸ்பி-220-இல் இருபது முப்பது மில்லி ஆம்பியருக்குள் வரும், ஏஎல்-811 வகையில் 100-ஐ ஒட்டி வரும்.

இதைச் செய்யும்போது ஒரு கை சும்மா இருக்கட்டும். 110 வோல்ட் டிசி பிளக்கின் நுனியிலேயே நிற்கிறது. லீனியரின் மூடியைத் திறக்கத் தோன்றினால், எஸ்பி-220-க்குள் எஸ்எஸ்பி (குரலில் பேசும் முறை) நிலையில் ஏறக்குறைய 3000 வோல்ட் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் அது கொஞ்ச நேரம் இருக்கும்.

ரிக் பக்கம்

லீனியர் சரி என்று தெரிந்தால் ரிக்குக்கு வாருங்கள். கத்தரிக்கோலை எடுக்கும் முன் மெனு. கென்வுட் டிஎஸ்-480, டிஎஸ்-590 போன்றவற்றில் லீனியர் ரிலேயை மெனுவில் இயக்கினால்தான் வேலை செய்யும், பெட்டியிலிருந்து எடுத்ததும் அது அணைந்தே இருக்கும். யேசு எஃப்டி-891, எஃப்டி-991ஏ இரண்டிலும் டியூனருக்கும் லீனியருக்கும் ஒரே சாக்கெட். டியூனர் செலக்ட் மெனுவில் ‘லேம்ப்’ என்ற நிலைக்கு மாற்ற வேண்டும். விளக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, லீனியர் ஆம்ப் என்பதன் சுருக்கம். இது தெரியாமல் ஒயரை மூன்று தடவை மாற்றிக் கட்டியவர்கள் நம் பக்கத்திலேயே உண்டு.

பல பின் உள்ள வட்டமான டின் பிளக் என்றால் பின் எண்ணைப் பார்க்கும் திசையையும் கவனியுங்கள். மேனுவலில் உள்ள படம் பெரும்பாலும் ரிக்கின் சாக்கெட்டை முன்னாலிருந்து பார்ப்பது. நாம் சால்டர் செய்வது பிளக்கின் முதுகில். ஆணும் பெண்ணும் எதிரெதிரே நிற்பதால் முதுகிலிருந்து பார்க்கும்போது அதே வரிசை கிடைக்கும், முகத்திலிருந்து பார்த்தால் கண்ணாடி போலத் திரும்பிவிடும். குழப்பமாக இருந்தால் பிளக்கிலேயே பொடி எழுத்தில் எண் பொறித்திருக்கும், லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு போட்டு, பவரை அடிமட்டத்துக்குக் குறைத்து, மைக்கை அமுக்கி, சென்ட் பின்னுக்கும் எர்த்துக்கும் தொடர்பு வருகிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே ரிலே இருந்தால் மீட்டர் ‘பீப்’ அடிக்கும். டிரான்சிஸ்டர் இருந்தால் பல மீட்டர்கள் பீப் அடிக்காது. அதை வைத்து ரிக் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள். பன்னிரண்டு வோல்ட்டிலிருந்து ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு எல்இடி வழியாக அந்தப் பின்னுக்குக் கொடுத்து, மைக்கை அமுக்கினால் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் சரி.

நேரடி ஒயர் யாருக்கு

இப்போது ஒப்பீடு. இருப்பதிலேயே மலிவு நேரடி இணைப்பு. 12 வோல்ட், 100 மில்லி ஆம்பியர் என்று அளந்தவர்கள் இதைத் தாராளமாக எடுக்கலாம். ஐகாம் ரிக்குகளில் சென்ட் ஜாக்குக்குச் சொல்லப்படும் வழக்கமான எல்லை 16 வோல்ட், அரை ஆம்பியர். அதற்குள் நன்றாகவே அடங்கும். மற்ற கம்பெனிப் பெட்டிகளுக்கு மேனுவலில் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டுச் சொருகுங்கள்.

ஒரு நிபந்தனை மட்டும். லீனியரின் ரிலே காயிலுக்குக் குறுக்கே டையோடு இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காயிலின் கரண்டைச் சட்டென்று அறுக்கும்போது அது எதிர்த் திசையில் நூற்றுக்கணக்கான வோல்ட்டைத் துப்பும். பன்னிரண்டு வோல்ட் ரிலேதானே என்று அலட்சியமாக இருந்தால் ரிக்குக்குள் இருக்கும் சின்ன டிரான்சிஸ்டர் ஒரு நாள் ஷார்ட் ஆகிவிடும். 1என்4007 ஒன்று போதும், இரண்டு ரூபாய்ச் சாமான். வெள்ளைக் கோடு உள்ள முனை காயிலின் பாசிட்டிவ் பக்கம். டையோடு போட்டால் ரிலே விடுவது கொஞ்சம் தாமதமாகும். வேகமாக சிடபிள்யூ (மோர்ஸ்) அடிப்பவர்கள் உணரலாம், மற்றவர்களுக்குத் தெரியாது.

110 வோல்ட் பெட்டிக்கு நேரடி ஒயர் கூடவே கூடாது. முதல் நாள் வேலை செய்யும், ஒரு மாதம்கூடச் செய்யும். பிறகு ரிக்கின் ரிலே முனை ஒட்டிக்கொண்டு, மைக்கை விட்ட பிறகும் லீனியர் டிரான்ஸ்மிட்டிலேயே நிற்கும். உள்ளே எஸ்எம்டி பலகையில் அதைக் கழற்றி மாற்றுகிற ஆள் நாகர்கோவிலில் கிடைப்பாரா என்பது வேறு கேள்வி.

நடுவில் ரிலே பெட்டி

ரிக் ஒரு சின்ன 12 வோல்ட் ரிலேயை இழுக்கும், அந்த ரிலேயின் முனை லீனியரை இழுக்கும். வடசேரி, மீனாட்சிபுரம் பக்கம் எந்த டிவி ஸ்பேர் கடையில் கேட்டாலும் ‘சுகர் கியூப்’ என்று நீலக் கட்டி ரிலே எடுத்துத் தருவார்கள். அதன் காயில் சுமார் 400 ஓம், எடுப்பது 30 மில்லி ஆம்பியர்தான், எந்த ரிக்கும் சுமக்கும். ப்ளஸ், மைனஸ், ஏசி எதுவானாலும் அதற்கு ஒன்றுதான், ரிக்குக்கும் லீனியருக்கும் நடுவே மின்தொடர்பும் இல்லை. கட்டுவதும் சுலபம். பலர் இதைத்தான் சிபாரிசு செய்வார்கள். கடலை விட்டுத் தள்ளிய ஊர் ஒன்றில் இருந்தால் நானும் செய்வேன்.

நம் குமரி மாவட்டத்தில் எனக்கு இதில் இரண்டு குறை தெரிகிறது. முதலாவது உப்பு. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, ராஜாக்கமங்கலம்துறை என்று கடலை ஒட்டிய ஊர்களில் ஜன்னல் கொண்டியே வருஷத்தில் துருப்பிடிக்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் நம் மேல் பெய்கின்றன, காற்று காய்ந்து கிடக்கும் மாதங்கள் குறைவு. ரிலேயின் வெள்ளி முனையில் படியும் மெல்லிய படலத்தை 5 ஆம்பியர் போகும் இடத்தில் தீப்பொறியே எரித்துச் சுத்தம் செய்துவிடும். இருபது முப்பது மில்லி ஆம்பியருக்கு அந்தச் சக்தி கிடையாது, குறைந்த வோல்ட்டில் இன்னும் மோசம். அதனால்தான் ரிலே ‘டக்’ என்று நன்றாகச் சத்தம் போடும், லீனியர் மட்டும் நாலு தடவையில் ஒரு தடவை கீ ஆகாது. தட்டினால் சரியாகும், மறுநாள் மறுபடி வரும். பத்து ஆம்பியர் என்று முதுகில் அச்சடித்திருப்பதைப் பார்த்து, பெரியது என்றால் நல்லது என்று எடுக்கிறோம், இந்த வேலைக்கு அது நேர் எதிர்.

இரண்டாவது நேரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘ஒயர் கேடு’ என்று சொல்லப்படும் பல கோளாறுகள் உண்மையில் நேரக் கோளாறுகள். லீனியரின் ஆன்டெனா ரிலே முழுதாகச் சேருவதற்கு முன்னால் ரிக்கிலிருந்து பவர் வந்துவிட்டால், பாதி திறந்த முனைகளுக்கு நடுவே ஆர்எஃப் (ரேடியோ அலை மின்சாரம்) பொறி பறக்கும். முனை கருகும், ரிக்குக்கு ஒரு கணம் எஸ்டபிள்யூஆர் (பவர் திரும்பி வருவதைக் காட்டும் அளவு) ஏறி அது பவரைக் குறைத்துக்கொள்ளும், சிடபிள்யூவில் முதல் புள்ளி காணாமல் போகும். இதைத் தவிர்க்கத்தான் பவர் வருவதைக் கொஞ்சம் தாமதிக்கும் டிஎக்ஸ் டிலே என்ற மெனு ரிக்கில் இருக்கிறது. ஐகாம் ஐசி-7300-இல் அதை 30 மில்லி செகண்ட் வரை ஏற்றலாம். பழைய லீனியரின் திறந்த சட்ட ரிலே 15 முதல் 25 மில்லி செகண்ட் எடுக்கும். நடுவில் சுகர் கியூபை வைத்தால் அது தன் பங்குக்கு 10 வரை எடுக்கும். கூட்டிப் பாருங்கள், 30-ஐ முட்டிவிடுகிறது. அதோடு சாயங்காலம் மின் அழுத்தம் 190 வோல்ட்டுக்கு இறங்குகிற வீடுகளில், ரெகுலேட்டர் இல்லாத சப்ளையில் ஓடும் லீனியர் ரிலே இன்னும் சோம்பலாகும். பகலில் ஒழுங்காக வேலை செய்து ராத்திரி ஏழு மணிக்கு மேல் தகராறு செய்கிற பெட்டி என்றால், முதலில் சுவர் சாக்கெட்டை அளந்து பாருங்கள்.

கம்ப்யூட்டர் வழியாக எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறை மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு இந்த நேரக் கவலை குறைவு. டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளில் பிடிடிக்கும் (டிரான்ஸ்மிட்டுக்கு மாற்றும் சிக்னல்) ஒலிக்கும் நடுவே 0.2 செகண்ட் இடைவெளி ஏற்கெனவே இருக்கும். எந்தச் சோம்பேறி ரிலேக்கும் அது போதும்.

ரிலேதான் வேண்டும் என்றால் ரீட் ரிலே எடுங்கள். முனைகள் கண்ணாடிக் குழாய்க்குள் அடைபட்டிருப்பதால் உப்புக்காற்று தொடாது, ஒரு மில்லி செகண்டுக்குள் சேர்ந்துவிடும், மேலே சொன்ன இரண்டு குறையும் தீர்ந்தது. 110 வோல்ட்டைத் தாங்கும் ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும். உள்ளூர்க் கடையில் சுலபமாகக் கிடைக்காது. ஆன்லைனில் வரவழைக்கலாம், திருவனந்தபுரம் போகிறவர் யாராவது இருந்தால் சொல்லிவிடலாம்.

மாஸ்ஃபெட் பஃபர்

ரிலேக்குப் பதில் மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர் சுவிட்சை நடுவில் வைப்பது இது. என் ஓட்டு இதற்குத்தான், ப்ளஸ் வோல்ட்டில் கீ ஆகும் பழைய வால்வு லீனியர் என்றால். அசையும் முனை எதுவும் கிடையாது, சேரும் நேரம் ரிலேயோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை, டிஎக்ஸ் டிலே முழுவதும் லீனியரின் சொந்த ரிலேக்கே கிடைக்கும்.

சர்க்யூட் சின்னது. 12 வோல்ட்டிலிருந்து ஒரு கிலோ ஓம் வழியாக பிசி817 ஆப்டோ கப்ளரின் (ஒளி வழியாகச் சிக்னலைக் கடத்தும் ஐசி) எல்இடி, அதன் மறுமுனை ரிக்கின் சென்ட் பின்னுக்கு. ரிக் இழுப்பது 10 மில்லி ஆம்பியர் சொச்சம்தான். ஆப்டோவின் கலெக்டர் 12 வோல்ட்டில், எமிட்டர் ஐஆர்எஃப்840 மாஸ்ஃபெட்டின் கேட்டில், கேட்டிலிருந்து எர்த்துக்கு 10 கிலோ ஓம். மாஸ்ஃபெட்டின் டிரெயின் லீனியருக்கு, சோர்ஸ் எர்த்துக்கு. ஐஆர்எஃப்840 தாங்குவது 500 வோல்ட், பழைய எஸ்எம்பிஎஸ், யுபிஎஸ் வேலை செய்கிற எல்லாக் கடையிலும் கிடைக்கும். டிரெயினுக்கும் எர்த்துக்கும் குறுக்கே ஒரு கிலோவோல்ட் ரகத்தில் 103 டிஸ்க் கண்டென்சர் ஒன்றைப் போட்டால் ஆர்எஃப் உள்ளே ஏறாது. பெட்டிக்கும் பிளக்குக்கும் ஆகிற செலவுதான் அதிகம், உள்ளே இருக்கும் சாமான்கள் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். 12 வோல்ட்டை ரிக்கின் சப்ளையிலிருந்தே எடுங்கள், அப்போது சப்ளையை அணைத்தால் பஃபரும் அணையும், லீனியர் பைபாஸில் நிற்கும்.

இதன் பெரிய பலவீனம் திசை. மாஸ்ஃபெட்டுக்குள் இயல்பாகவே ஒரு டையோடு இருக்கிறது. எஸ்பி-200 மாதிரி மைனஸ் வோல்ட் பெட்டியில் மாட்டினால் அந்த டையோடு எப்போதும் கடத்தும், லீனியரை ஆன் செய்த கணமே டிரான்ஸ்மிட்டில் பூட்டிக்கொள்ளும். மீட்டரின் மைனஸ் குறியை எழுதி வைக்கச் சொன்னது இதற்காக. அப்படிப்பட்ட பெட்டிக்கும் ஏசி காயில் பெட்டிக்கும் ஃபோட்டோமாஸ் ரிலே என்ற ஐசி இருக்கிறது. உள்ளே இரண்டு மாஸ்ஃபெட் முதுகோடு முதுகாக இருப்பதால் எந்தத் திசையும் சரி. 350 அல்லது 400 வோல்ட் ரகம் கேட்டு வாங்குங்கள். கரண்ட் எல்லை 100 மில்லி ஆம்பியரை ஒட்டியே இருக்கும், எஸ்பி-200-க்குப் போதும், கரண்ட் அதிகம் இழுக்கும் பெட்டிக்குப் பற்றாது.

இன்னொன்று, கெட்டுப்போகும் விதம். ரிலே பெட்டி கெட்டால் பெரும்பாலும் லீனியர் கீ ஆகாது, நூறு வாட்டில் பேசிக்கொண்டு போகலாம். மாஸ்ஃபெட் கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகும், லீனியர் கீ ஆனபடியே நிற்கும், ரிசீவரில் ஒன்றும் கேட்காது. அப்படி ஆனால் லீனியரை அணைத்துவிடுங்கள், ரிக் தனியாக வேலை செய்யும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்த பிறகு பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த மாவட்டம் இது. லீனியர் இல்லாமல் பேட்டரியில் ரிக் உடனே பேச வேண்டும் என்பதை ஒயர் கட்டும் போதே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வகையில் மேலே சொன்ன எல்லா முறைகளும் தேறும்.

மிச்சம் இருப்பவை

கீயிங் ஒயரே வேண்டாம், ஆர்எஃப் வந்ததும் தானாக மாறிக்கொள்ளும் என்று விற்கிற பெட்டிகள் உண்டு. இரண்டு மீட்டர் அலைவரிசையில் எஃப்எம் பேசுகிறவர்களுக்குச் சின்ன லீனியரில் பரவாயில்லை. ஹெச்எஃப்பில் (சிற்றலையில்) நான் தொடமாட்டேன். பவர் வந்த பிறகுதான் ரிலே அசைய ஆரம்பிக்கிறது என்பதால், ஒவ்வொரு தடவையும் பொறியோடுதான் சேரும். எஸ்எஸ்பியில் வார்த்தைக்கு வார்த்தை ‘டக் டக்’ என்று அடித்துக்கொண்டே இருக்கும்.

கீயிங் வெளியீடே இல்லாத பழைய ரிக்குக்கு இரட்டை முனைக் கால் சுவிட்ச் நல்ல ஏற்பாடு: ஒரு முனை லீனியருக்கு, ஒன்று ரிக்கின் பிடிடிக்கு. ஒவ்வொன்றையும் வரிசையாக மாற்றிவிடும் சீக்வென்சர் என்பது ஆன்டெனா மாஸ்ட்டில் ப்ரீஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு, மற்றவர்களுக்குத் தேவையில்லை. கம்பெனியே விற்கும் கீயிங் இன்டர்ஃபேஸும் இருக்கிறது, உதாரணமாக அமெரிட்ரானின் ஏஆர்பி-704. சால்டர் பிடிக்கத் தெரியாதவர் வாங்கலாம், தெரிந்தவர் அந்தக் காசுக்கு நல்ல கோஆக்ஸ் வாங்கலாம்.

பவர் ஏற ஏறத்தான் கோளாறு வருகிறது, 20 வாட்டில் ஒழுங்காக இருக்கிறது, முழு டிரைவில் ரிலே நடுங்குகிறது என்றால் மேலே உள்ள எந்தத் தேர்வும் உதவாது. ஆர்எஃப் ஒயருக்குள் புகுந்திருக்கிறது. டேப் ரிக்கார்டர் ஒயரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆர்ஜி-174 மாதிரி ஷீல்டு உள்ள மெல்லிய கோஆக்ஸில் கீயிங் ஒயர் கட்டுங்கள், நீளம் தேவைக்கு மேல் வேண்டாம், இரண்டு முனையிலும் ஃபெரைட் வளையத்தில் சில சுற்று சுற்றுங்கள். ரிக், லீனியர், டியூனர் மூன்றின் உடலும் ஒரே தடித்த எர்த் பட்டையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடலோர வீடுகளில் அந்த எர்த் நட்டே பச்சை பிடித்திருக்கும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி முடுக்குங்கள். ஆர்சிஏ பிளக்கின் வளையத்துக்கும் இதே கதிதான், வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றினால் தப்பில்லை.

மார்த்தாண்டம் தம்பியின் பெட்டி 12 வோல்ட் ரகம், ரிக் எஃப்டி-891. சுவிட்ச் பிளக் போட்டுப் பார்க்கச் சொன்னேன், லீனியர் ‘டக்’ என்றது. மெனுவில் ‘லேம்ப்’ மாற்றியதும் பவர் ஏறியது. டையோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதே நேரடி ஒயரில் ஓட்டச் சொல்லியிருக்கிறேன். அவருடையது ஜெனரல் கிரேடு ஹாம் லைசென்ஸ், வியூ2 என்று தொடங்கும் அழைப்புக்குறி, பவர் 400 வாட் எல்லைக்குள். அவருக்குப் பஃபர் தேவைப்படாது. பக்கத்து ஊரில் ஒருவர் எஸ்பி-220 விற்கிறாராம், அதன் மேலும் அவருக்கு ஒரு கண். அது வந்தால் ஐஆர்எஃப்840 ஒன்று வாங்கி வைக்கவும்.